கம்பெனி கைமாறினால் ஓசூர் வேலை என்ன ஆகும்?

சனிக்கிழமை இரவு பாலக்கோட்டில் வந்து இறங்கிய பெரியப்பா மகன், கைகால் கழுவுவதற்கு முன்பே கேட்டார். "தம்பி, நீதான் இதையெல்லாம் படிக்கிறியே, சொல்லு. எங்க கம்பெனியை இன்னொரு கம்பெனியோட சேர்க்கிறாங்களாம். அப்போ ஓசூரை மூடிடுவாங்களா?"

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அண்ணனுக்கு 19 வருட சர்வீஸ். வாரம் முழுக்க நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கல். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி வழியாக வீட்டுக்கு வந்துவிடுவார். கம்பெனி நோட்டீஸ் போர்டில் அரைப்பக்க அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகின்றன, ஊழியர்கள் கவலைப்பட வேண்டாம் என்று அதில் இருக்கிறதாம். அன்று மதியம் கேன்டீனில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்றார்.

இது அவர் ஒருவரின் கவலை இல்லை. 1970-களில் சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்த பிறகு, அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் ஓசூரைச் சுற்றி நிறைந்துவிட்டன. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. ஆனால் சம்பளக் கணக்கில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இன்னும் பிரியவில்லை. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் மழை பொய்த்த வருடம் அடுப்பு எரிவது ஓசூரிலிருந்து வரும் பணத்தில்தான். அதனால் அங்கே ஒரு கேட் மூடப்படும் என்ற பேச்சு வந்தால், இங்கே ஊரே கலங்குகிறது.

அண்ணனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், "கம்பெனி கைமாறுது" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பங்குகள் மட்டும் கைமாறுவது. முதலாளி குடும்பம் தன் பங்கை வேறொருவருக்கு விற்கிறது. கம்பெனியின் பெயர், பதிவு, தொழிலாளியின் ஒப்பந்தம் எல்லாம் அப்படியே இருக்கும். சட்டத்தின் பார்வையில் முதலாளி மாறவே இல்லை. இரண்டாவது, ஆலையை மட்டும், அல்லது ஒரு தொழில் பிரிவை மட்டும் இன்னொரு கம்பெனிக்கு விற்பது. மூன்றாவதுதான் முறையான இணைப்பு. ஒரு கம்பெனி இன்னொன்றுக்குள் கரைந்துவிடும். இதற்கு 2013 கம்பெனிகள் சட்டத்தின் 230 முதல் 232 வரையான பிரிவுகளின்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் பொதுவாக வேண்டும். நோட்டீஸ் போர்டில் எது ஒட்டியிருந்தாலும், இந்த மூன்றில் எது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது.

இணைப்பு என்றால் ஒரு 'திட்டம்' எழுதித் தீர்ப்பாயத்தில் கொடுப்பார்கள். அதில் ஊழியர் பற்றி அநேகமாக ஒரே மாதிரியான பத்தி ஒன்று இருக்கும்: பழைய கம்பெனியின் ஊழியர்கள் எல்லோரும் புதிய கம்பெனியின் ஊழியர்கள் ஆவார்கள், சர்வீஸ் அறுபடாது, நிபந்தனைகள் முன்பைவிடக் குறையாது. இது கருணையால் எழுதுவது இல்லை. 1947 தொழில் தகராறு சட்டத்தில் 25-எஃப்எஃப் என்ற பிரிவு இருந்தது. சர்வீஸ் தொடர்ந்து, நிபந்தனை குறையாமல், பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்து இழப்பீடு தரும் பொறுப்பைப் புதிய முதலாளி ஏற்றால், கைமாறும்போது பழைய முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் ஆட்குறைப்புக்குத் தருவதுபோல இழப்பீடு தர வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது.

அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தால் ஒன்று புரியும். வேலை உண்டு, சம்பளம் உண்டு, சர்வீஸ் உண்டு. ஓசூர் உண்டா என்பதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இருக்காது.

இந்தப் பயத்தை நீதிமன்றத்தில் சொல்லிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1990-களில் டாட்டா ஆயில் மில்ஸ் கம்பெனி இந்துஸ்தான் லீவரோடு இணைந்தபோது, லீவர் ஊழியர் சங்கமே உச்ச நீதிமன்றம் வரை போனது. 1994-ல் சங்கம் தோற்றது. ஊழியர்களின் நிபந்தனைகள் திட்டத்தில் காக்கப்பட்டிருக்கின்றன, நாளை என்ன நடக்குமோ என்ற அச்சத்துக்காக இணைப்பை நிறுத்த முடியாது என்பதுதான் தீர்ப்பின் போக்கு. ஆக, மூடிவிடுவார்களோ என்ற பயத்தை மட்டும் வைத்து இணைப்பைத் தடுப்பது கடினம். வேறொரு வழக்கில், பிலிப்ஸ் நிறுவனம் தன் கொல்கத்தா ஆலையைக் கைமாற்றியது தொடர்பாக, சம்மதம் இல்லாமல் தொழிலாளியைப் புதிய முதலாளியிடம் தள்ளிவிட முடியாது என்று 2011-ல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்கும் அர்த்தம், வேண்டாம் என்றால் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு விலகலாம் என்பதே. பழைய வேலை அதே இடத்தில் காத்திருக்கும் என்பது இல்லை.

சரி, இந்தத் திட்டம் தொழிலாளி கைக்கு வருமா? எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது. தீர்ப்பாயம் கூட்டம் கூட்டச் சொன்னால், பங்குதாரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் நோட்டீஸ் போகிறது. வருமான வரித் துறைக்கும் கம்பெனிப் பதிவாளருக்கும் இன்னும் சில அரசு அமைப்புகளுக்கும் போகிறது. தொழிற்சங்கம் அந்தப் பட்டியலில் இல்லை. எதிர்ப்பு சொல்ல வேண்டும் என்றால் 10 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், அல்லது கம்பெனியின் மொத்தக் கடனில் 5 சதவீதம் நமக்கு வர வேண்டியதாக இருக்க வேண்டும். சம்பள பாக்கியை வைத்து எந்தத் தொழிலாளி அந்த அளவை எட்டுவார்? பத்திரிகை விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. ஓர் ஆங்கிலப் பத்திரிகை, ஒரு வட்டார மொழிப் பத்திரிகை. ஆனால் எந்த மாநிலத்தில்? கம்பெனியின் பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலத்தில். பதிவு அலுவலகம் மும்பையில் இருந்தால் விளம்பரம் மராத்தியில் வரும். பாலக்கோட்டுக்காரருக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

கம்பெனியையே கலைக்கும் வழக்கு என்றால் நிலைமை வேறு. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றின் வழக்கில், கலைக்கும் மனு விசாரணையில் தொழிலாளர்கள் பேசுவதைக் கேட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது. இணைப்புக்கு அந்த அளவுக்குத் தெளிவான வாசல் இல்லை. ஒரே ஒரு வசதி உண்டு. நோட்டீஸையும் கூடவே உள்ள ஆவணங்களையும் கம்பெனி தன் இணையதளத்தில் போட வேண்டும். ஊழியர்கள் மேல் என்ன விளைவு என்பதையும் அந்த விளக்கத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நூறு பக்கம் இருக்கும். ஆனாலும் ஊழியர் பத்தியை மட்டும் தேடி எடுத்துத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். டிகிரி முடித்த பையனோ பெண்ணோ இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

இணைந்த பிறகு எது முதலில் மூடப்படும்? இரண்டாக இருப்பதுதான். இரண்டு தலைமை அலுவலகம், இரண்டு கணக்குப் பிரிவு, இரண்டு கொள்முதல் பிரிவு தேவையில்லை. தர்மபுரிக்காரர்களுக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. தர்மபுரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அதியமான் கிராம வங்கியை நடுத்தர வயதில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006-ல் அது வள்ளலார் கிராம வங்கியோடு சேர்ந்து பல்லவன் கிராம வங்கி ஆனது. தலைமையிடம் சேலத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 1-ல் பல்லவனும் பாண்டியன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. பாஸ் புத்தகத்தில் பெயர் இரண்டு முறை மாறியது. கடன் வாங்கப் போனவருக்குக் கவுன்டர் அங்கேயே இருந்தது. ஆனால் தலைமை அலுவலகம் என்று ஒன்று இந்த ஊரில் இருந்ததே, அது போய்விட்டது. அரசு சார்ந்த வங்கி என்பதால் அங்கே வேலை பறிபோகும் பயம் பெரிதாக எழவில்லை. தனியார் ஆலையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆலைகளைப் பொறுத்தவரை ஒப்பீடுதான் எல்லாம். ஒரே பாகத்தை ஓசூரிலும் இன்னொரு ஊரிலும் செய்கிறார்கள் என்றால், எங்கே செலவு குறைவு, எங்கே எந்திரம் புதிது, வாங்கும் வண்டிக் கம்பெனி யாருக்குப் பக்கம், எங்கே அரசுச் சலுகைக் காலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தாளில் போட்டுப் பார்ப்பார்கள். நம் ஆள் 19 வருடமாக ஒரு நாள்கூடத் தாமதமாக வராதது அந்தத் தாளில் ஒரு கட்டத்திலும் இருக்காது.

அதனால்தான் அண்ணனிடம் சொன்னேன், நோட்டீஸ் போர்டைப் பார்க்காதே அண்ணா, ஷெட்யூலைப் பார். தினமும் லைன் தலைப்பில் எழுதிப் போடும் உற்பத்தி அளவு இருக்கிறதே, அது. ஏற்கெனவே ஓடும் பாகத்தின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறதா, புதிய பாகம் ஏதாவது வருகிறதா? 'டை'யும் மோல்டும் ரிப்பேருக்கு என்று லாரியில் ஏறிப் போய், திரும்பி வராமல் இருக்கின்றனவா? ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் எடுக்கிறார்களா? எந்திரத்துக்கு வருடாந்திரப் பராமரிப்பு நடக்கிறதா, உடைந்தால் மட்டும் பார்க்கிறார்களா? மூடும் முடிவை எடுத்தவர்கள் வாய் திறக்கும் முன்பே லைனில் நிற்பவனுக்கு இவை தெரியும்.

நோக்கியா கதை இதற்குப் பெரிய சாட்சி. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கி ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் பையன்களும் வேலை பார்த்த ஆலை அது. 2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தது. வருமான வரி வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் நோக்கியாவிடமே தங்கிவிட்டது. முதலாளி மாறவில்லை, கட்டடம் அங்கேயே இருந்தது, எந்திரமும் இருந்தது. மைக்ரோசாஃப்டுக்குக் கைபேசி செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தில் கொஞ்ச காலம் ஓடியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஏராளமானோர் அதற்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிப் போயிருந்தார்கள். அதே வளாகத்தைப் பிறகு கைபேசி சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கி 2020-ல் உற்பத்தியைத் தொடங்கியது உண்மை. ஆனால் வாடகையும் கடனும் இருக்கும் குடும்பம் ஐந்தாறு வருடம் எப்படிக் காத்திருக்கும்? ஆர்டர் எங்கே போகிறதோ, வேலை அங்கே போகிறது.

மூடுவது என்று முடிவாகிவிட்டால், சட்டம் முதலில் கேட்பது ஓர் எண்ணை. பழைய சட்டத்தில் 100 தொழிலாளர் அல்லது அதற்கு மேல் உள்ள தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் மூடப்பட வேண்டும் என்றால் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். புதிய தொகுப்பில் அந்த எண் 300 ஆகிவிட்டது. 90 நாள் முன்னதாக விண்ணப்பம் போட வேண்டும். 60 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். 300-க்குக் கீழே இருந்தால் அனுமதி தேவையில்லை. 50 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 60 நாள் நோட்டீஸ் போதும். ஓசூரில் பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்யும் கம்பெனிகளில் 100-க்கும் 300-க்கும் இடையில் நிற்பவை எத்தனையோ. அங்கே இருப்பவர்களுக்கு நேற்று வரை இருந்த ஒரு தடுப்புச் சுவர் இன்று இல்லை. இதை நான் சாதாரண மாற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கிடங்கும் அலுவலகமும் அந்தச் சுவருக்குள் எப்போதுமே இருந்ததில்லை.

கடந்த 12 மாதத்தில் சராசரியாக நாளொன்றுக்கு எத்தனை தொழிலாளர் என்பதே கணக்கு. அதனால் இணைப்புக்குப் பிறகு வரும் முதல் வருடத்தில் ஆள் குறைவதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றுவது, பர்மனெண்ட் போன இடத்தில் ட்ரெய்னியைப் போடுவது, வேலையை ஒப்பந்தத்தில் விடுவது என்று ஒவ்வொன்றாக நடந்தால், மூடும் நேரத்தில் அந்தச் சராசரி 300 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிடும்.

இடமாற்றம் என்பது தனிப் பாடு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் "இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும்" என்ற வரி இருந்தால், உத்தரவை மறுப்பது ஒழுங்கு மீறலாகப் பார்க்கப்படலாம். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் மாற்றினால் பஸ் ஏறிச் சமாளிக்கலாம். வட இந்தியாவுக்கு என்றால், பத்தாவது படிக்கும் பிள்ளையையும் சர்க்கரை நோய் உள்ள அம்மாவையும் என்ன செய்வது? பலர் அந்த இடத்தில்தான் தாங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அது ஆட்குறைப்பு இல்லை, சுய விருப்பம். இழப்பீட்டுக் கேள்வியே எழாது.

பணக் கணக்கை அண்ணன் ஒரு பழைய நோட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னார். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை: 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000. 19 வருடத்துக்கு 2,85,000. மூடும்போது தர வேண்டிய இழப்பீடு: வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம், அதாவது 13,000. 19 வருடத்துக்கு 2,47,000. இரண்டும் தனித்தனி உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழிக்க முடியாது. தங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் மூடினோம் என்று நிரூபித்தால் இழப்பீட்டை மூன்று மாதச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ள முதலாளிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வெறும் பண நெருக்கடியும் விற்காமல் தேங்கிய சரக்கும் அந்தக் காரணத்தில் சேராது.

வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு என்று ஒரு தொகையைச் சொல்லும்போது, அது இந்த இரண்டின் கூட்டுத்தொகையைவிட எவ்வளவு அதிகம் என்று பார்க்க வேண்டும். அதில் கிராஜுவிட்டியையும் சேர்த்துச் சொல்லிப் பெரிதாகக் காட்டுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில் உதவித்தொகை கேட்கலாம். முதல் 12 மாதம் தினச் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால்வாசி. விருப்ப ஓய்வு வாங்கியவருக்கு அது கிடையாது. எந்தப் பெயரில் வெளியே வருகிறோம் என்பது அவ்வளவு முக்கியம்.

இதெல்லாம் பர்மனெண்ட் ஆட்களின் கணக்கு. அதே லைனில், அதே எந்திரத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாளி என்று தாளில் இருப்பவர் ஒப்பந்தக்காரர். இணைப்புத் திட்டத்தின் ஊழியர் பத்தியில் அவர் இல்லை. ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு நாள் கேட்டில் பாஸை வாங்கி வைத்துவிட்டால் முடிந்தது. சம்பளத்தை ஒப்பந்தக்காரர் தராவிட்டால் ஆலை முதலாளி தந்தாக வேண்டும் என்ற அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. குறித்த கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்குப் புதிய தொகுப்பில் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை வந்திருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் ஓசூரில் முதலில் வெளியே போகப்போவது அவர்கள்தான். மல்லப்பாடி, ஊத்தங்கரை, அரூர் என்று ஊரை விட்டு வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சங்கக் கூட்டங்களிலும் இன்னும் போதுமான பேச்சு இல்லை. பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பீரோவுக்கு மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். கல்யாணப் பத்திரிகை வந்த கவர். உள்ளே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டுகள், ஒரு குரூப் போட்டோ. சம்பளச் சீட்டுகளில் இரண்டு வெவ்வேறு கம்பெனிப் பெயர்கள். 2011-ல் ஏற்கெனவே ஒரு முறை கம்பெனி கைமாறியிருக்கிறது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியவில்லை, சீருடையில் பெயர் மாறியது, அவ்வளவுதான் என்றார். பி.எஃப். பாஸ்புக்கைக் கைபேசியில் திறந்து பார்த்தோம். வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் 2011 என்று இருந்தது. ஆர்டரில் இருப்பது 2007.

நான்கு வருடம். நோட்டில் போட்ட கணக்கின்படி கிராஜுவிட்டியில் 60,000, இழப்பீட்டில் 52,000. அண்ணன் ரொம்ப நேரம் அந்த இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி இன்னும் பழைய பெயரில் இருக்கும்போதே, பழைய பதிவேடுகள் டைம் ஆபீஸ் அலமாரியில் இருக்கும்போதே, தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு பி.எஃப். தேதியைத் திருத்தும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். புதிய கம்பெனி வந்த பிறகு 2007-ன் ஆளைத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் யார் இருப்பார்கள்?

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ் கடையில் நின்று அந்த ஆர்டரை ஐந்து நகல் எடுத்தார். ஒன்று தனக்கு, ஒன்று ஹெச்.ஆருக்கு. மீதி மூன்று எதற்கு என்று கேட்டேன். "ரூம்ல இருக்கிற பசங்களுக்குக் காட்டறதுக்குடா. அவனுங்களும் 2011-க்கு முன்னாடி சேர்ந்தவனுங்கதான்."